நுனி கிள்ளும் பெரியக்கா

எங்கள் பெரியக்காவின் வலது கட்டைவிரல் நகம் எப்போதும் பச்சையாக இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. அது செவ்வந்திச் செடியின் சாறு. பூத்தொட்டிகள் வளர்த்து விற்கும் ஒரு நர்சரியில் நுனி கிள்ளுவதுதான் அவள் வேலை. காலையில் போனால் மாலை வரை, பசுமைக்குடிலுக்குள் வரிசை வரிசையாக நிற்கும் செடிகளின் தலையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டே போவாள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கிள்ளக்கா. எங்கள் தெருக் குழந்தைகள் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் அவளைத் தாண்டிப் போவார்கள்.

இப்படியும் ஒரு வேலையா, வளர வேண்டிய செடியை எதற்குக் கிள்ள வேண்டும் என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் தையல் மிஷின் பழுது பார்க்கிறவன், எனக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம். ஆனால் பெரியக்கா சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லி எனக்கு எல்லாம் மனப்பாடம். செடியின் உச்சி மொட்டில் ஆக்சின் என்று ஒரு ஹார்மோன் ஊறுகிறது. அது தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒரு குட்டி மொட்டு காத்திருக்கிறது. மேலே இருந்து ஆக்சின் வருகிற வரைக்கும் அது கண் திறக்காது. உச்சியைக் கிள்ளிவிட்டால் வரத்து நின்றுபோகும். வேரிலிருந்து ஏறிவரும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கும். அவ்வளவுதான், அதுவரை தூங்கிய மொட்டெல்லாம் நான் முந்தி நீ முந்தி என்று கிளையாகப் புறப்படும். ஒற்றைக் குச்சியாக நெட்டையாக நிற்க வேண்டிய செடி, தொட்டி கொள்ளாமல் படர்ந்து பூக்கும்.

"தலை இருக்க வால் ஆடக் கூடாதுன்னு செடிக்குக்கூடத் தெரியுதுடா. உங்களுக்குத்தான் தெரியலை" என்று முடிப்பாள்.

அந்த 'உங்களுக்கு' என்பது சின்னக்காவும் நானும். சில நாள் அப்பாவும். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா காலமானபோது பெரியக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்; சின்னக்காவுக்கும் எனக்கும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத வயது. அப்பா விடிவதற்கு முன்னால் பஸ் எடுக்கப் போய்விடுவார். அதனால் ஒரு காலை வேளையில் பெரியக்கா முக்காலி போட்டு ஏறி அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகு முக்காலி தேவைப்படாத உயரத்துக்கு வளர்ந்தாள், ஆனால் அடுப்படியை விட்டு இறங்கவே இல்லை.

எந்தச் சட்டை எந்த நாளைக்கு, யார் முதலில் குளிப்பது, உருளைக்கிழங்கா முட்டையா, எல்லாம் அவள் தீர்ப்பு. சின்னக்கா பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். வருகிறவர்கள் பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று இவளிடம் யோசனை கேட்பார்கள். வீட்டில் ஜன்னலைத் திறக்கலாமா என்று இவள் பெரியக்காவிடம் யோசனை கேட்பாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. பெரியக்கா அதை முளையிலேயே கிள்ளிவிட்டாள். நான் ஒருமுறை சமைக்கிறேன் என்று கிளம்பினேன். கரண்டியைக் கையில் எடுப்பதற்குள் அது என் கையில் இல்லை.

கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ரகம். காலையில் திட்டினால் மாலையில் திட்டு வாங்கியவனுக்குப் பிடித்தது தட்டில் இருக்கும். எங்களுக்கும் ஒரு சுகம் பழகிப்போயிருந்தது. யோசிக்கிற வேலையை வீட்டில் ஒருத்தர் பார்த்துக்கொண்டால் மற்றவர்களுக்கு அது ஒரு நிரந்தர விடுமுறை.

இப்படி இருக்கும்போதுதான் நர்சரி முதலாளியம்மா, பஸ்ஸில் அரைநாள் தூரத்தில் இருந்த வேறொரு ஊரில் ஒரு பழைய பசுமைக்குடிலை வாங்கினார். தாவரவியல் படித்தவர், ஆக்சினையும் சைட்டோகைனினையும் பெரியக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்த இடத்தைப் பெரியக்கா பொறுப்பில் விடலாம் என்று அவருக்கு எண்ணம். ஒரு நிபந்தனை வைத்தார்: முதல் போகம் நன்றாக வந்தால் இடம் அவள் கையில், இல்லையென்றால் பழைய நர்சரிக்கே திரும்பி வந்து கிள்ள வேண்டியதுதான்.

அன்றைக்குப் பெரியக்கா மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். நாற்பதைத் தாண்டியவள், முதல்முறையாகச் சின்னப் பெண் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"எனக்குப் போகணும்டா. ஆசையா இருக்கு. எனக்குன்னு ஒரு எடம்."

அவள் ஆசை என்ற சொல்லைத் தனக்காகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. போய்வா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

போனாள். ஆனால் போனதாகவே எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தினமும் காலையில் போன் வரும். கேஸை மூடினாயா, அப்பா மாத்திரை போட்டாரா, இன்றைக்கு என்ன சமையல், இந்தச் சட்டை வேண்டாம் அந்தச் சட்டையைப் போடு. ஆள் இங்கே இருந்தபோது பார்க்காமல் விட்டதையெல்லாம் அங்கிருந்து பார்த்தாள். அதோடு எங்களுக்கும் ஒரு வியாதி வந்தது. போன் வருகிற வரைக்கும் எதையும் தொட மாட்டோம். மூன்று பேரும் அடுப்படியில், பஸ் வருமா வராதா என்று நிற்பவர்கள் மாதிரி நிற்போம். அவள் சொல்ல மறந்தது எதுவும் நடக்காது. குப்பைக்கூடையைப் பற்றி அவள் மறந்துவிட்டாள், அது வாசலில் மலையாக நின்றது. குளியலறை பல்பு போய், கதவைத் திறந்துவைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தோம், உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக.

கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். இப்படியே போனால் வீடு தாங்காது, போய் அவளைக் கூட்டிவா என்று என்னைத் தூது அனுப்பினார். செடியை வேறு யாராவது கிள்ளிக்கொள்ளட்டும் என்றார். சின்னக்கா தலையாட்டினாள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று நன்றாகப் பழுத்த வாழைப்பழமும் ஆப்பிளுமாக ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு நான் இரவுப் பஸ் ஏறினேன்.

அங்கே எனக்குக் கிடைத்த வரவேற்பு இது: பெரியக்கா வாசலிலேயே பையைப் பிடுங்கி, மோந்து பார்த்து, அதைக் கொண்டுபோய்த் தெரு முனையில் காவல் அறையில் வைத்துவிட்டு வந்தாள். பழுக்கிற பழம் எத்திலீன் என்று ஒரு வாயுவை விடுமாம். அதுவும் ஒரு ஹார்மோன்தானாம். பூக்களுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் சில ஜாதிப் பூக்கள் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கொட்டிவிடுமாம். "தம்பி பாசத்துல வந்திருக்கான், பூவெல்லாம் உதிர்ந்துபோச்சுன்னு முதலாளியம்மாகிட்ட சொல்லவா?" என்றாள். குரலில் வழக்கமான காரம் இல்லை. முகம் வாடியிருந்தது.

உள்ளே போனபோது காரணம் தெரிந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கான தொட்டிகள். ஒவ்வொன்றிலும் மொட்டைக் குச்சிகள். இலை பச்சையாகத்தான் இருந்தது, தண்டும் திடமாகத்தான் இருந்தது. ஆனால் நுனி கிள்ளி எத்தனையோ நாள் ஆகியும் ஒரு கணுவிலும் ஒரு மொட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டாள். உரம் மாற்றினாள், தண்ணீர் மாற்றினாள், வெயில் மறைப்பைத் தூக்கினாள். செடிகள் அசையவில்லை. அந்த வாரக் கடைசியில் முதலாளியம்மா பார்க்க வருகிறார்.

"கிள்ளுறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சேன். இப்ப அதுவும் தெரியலை போல" என்றாள். "மூட்டை கட்ட வேண்டியதுதான்டா."

எங்கள் வீட்டுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. நான் தூதுச் செய்தியைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, பேசாமல் நின்றால் போதும், அவளே வந்துவிடுவாள். ஆனால் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கு அப்பா, சின்னக்கா, குப்பைக்கூடை எல்லாம் மறந்துபோயிற்று. இந்தக் குச்சிகள் துளிர்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. என்னிடம் இருந்த அறிவு தையல் மிஷின் அறிவு. மிஷின் ஓடவில்லை என்றால் முதலில் விரலால் தடவிப் பார்ப்பேன். அதையே செய்தேன். ஒரு குச்சியின் வெட்டுவாயைத் தடவினேன், விரல் ஒட்டிக்கொண்டது.

எண்ணெய் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். எண்ணெயா என்றாள். அவள் கிள்ளியதோடு சரி, அப்புறம் உச்சியைத் தொடவில்லை. இப்போது தொட்டாள், முகர்ந்தாள், கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். வெட்டுவாய் புடைத்து, அதன் மேல் கண்ணாடிப் பசை மாதிரி ஏதோ காய்ந்திருந்தது. அடுத்த தொட்டியில் அந்தப் புடைப்பிலிருந்து வெள்ளையாக முள் மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன.

"இது வேர்டா" என்றாள். "தலையில வேர் விட்டிருக்கு."

அங்கிருந்து பெரியக்கா நேராகத் தண்ணீர் ஊற்றுகிறவரிடம் போனாள். அவருக்கு அங்கே கட்டுக்காரர் என்று பெயர். ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுப் போட்டு ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்தவர். பெரியக்காவைவிட மூத்தவர். உச்சியில் ஏதாவது தடவினீர்களா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலப் பேசினார்.

"ஆமாம்மா. நீங்க கிள்ளிட்டுப் போயிடுறீங்க, காயம் அப்படியே திறந்து கிடக்குது. மனசு கேக்கலை. ஒவ்வொண்ணுக்கா பஞ்சுல தொட்டு வச்சேன்."

எந்த மருந்து என்று கேட்டாள். கிடங்கிலிருந்து டப்பாவை எடுத்து வந்தார். பார்க்கக் களிம்பு மாதிரி இருந்ததாலும், மேலே கொழுகொழுவென்று ஒரு செடியின் படம் போட்டிருந்ததாலும் அதுதான் செடிக்கான புண் மருந்து என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அது குச்சியை நட்டு வேர் பிடிக்க வைக்கிற பசை. முழுக்க முழுக்க ஆக்சின்.

பெரியக்கா கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நான் கட்டுக்காரருக்காகப் பயந்தேன். ஆனால் அவள் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள். "அண்ணே, நான் கஷ்டப்பட்டுத் தலையை எடுத்தேன். நீங்க ஒவ்வொண்ணுகிட்டயும் போய், தலை இருக்கு, பயப்படாதேன்னு சொல்லிட்டீங்க" என்றாள். உச்சி போனாலும் உச்சியிலிருந்து வருவது நிற்கவில்லை. பசையிலிருந்து ஆக்சின் இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே மொட்டுகள், மேலே ஆள் இருப்பதாக நம்பி, மரியாதையாகத் தூங்கின.

அப்போது அவள் போன் அடித்தது. சின்னக்கா. அன்று காலை குழப்பத்தில் பெரியக்கா வீட்டுக்குக் கூப்பிட மறந்திருந்தாள். ஒலிபெருக்கியில் வந்த குரல் எனக்கும் கேட்டது. "அக்கா, இன்னும் நீ கூப்பிடலையே. உருளைக்கிழங்கா, முட்டையா? அப்பாவும் நானும் நின்னுக்கிட்டே இருக்கோம்."

பெரியக்காவின் ஒரு கையில் போன் இருந்தது, இன்னொரு கையில் பசை காய்ந்த தொட்டி. தொட்டியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். மறுபடியும் தொட்டியைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல முகத்திலிருந்து இறங்கிப் போனது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "நீங்களே பார்த்துக்கங்க."

போனை வைத்துவிட்டாள். அவள் வாயிலிருந்து 'தெரியாது' வந்ததை எங்கள் குடும்பத்தில் முதலில் கேட்ட ஆள் நான். சின்னக்கா இரண்டாவது.

பிறகு என்னைப் பார்த்து, நீ எதற்குடா வந்தாய் என்று கேட்டாள். பழம் கொடுக்க வந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

அன்று முழுக்க எங்களுக்கு வெட்டு வேலை. பசை பட்ட இடத்துக்குக் கீழே, ஒவ்வொரு தண்டையும் மறுபடி நறுக்கினோம். கட்டுக்காரர் குற்ற உணர்ச்சியில் கண் கலங்கி ஓரமாக நின்றார். நகத்தால் கிள்ள வேண்டியதற்குக் கத்தி எடுக்கும்படி ஆகிவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டார். பெரியக்கா அவரைக் கூப்பிட்டு, காயத்துக்கு மருந்து வேண்டாம், கத்திக்குத்தான் மருந்து வேண்டும், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு செடியின் நோய் இன்னொன்றுக்குப் பரவும் என்றாள். அந்த வேலையை அவரைப் போல யாராலும் செய்ய முடியாது. ஆபரேஷன் அறையில் நிற்பவர் மாதிரி நிமிர்ந்து நின்று நீட்டினார்.

முதலாளியம்மா வந்தபோது காட்டுவதற்கு மொட்டைக் குச்சிதான் இருந்தது. பெரியக்கா எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள், கட்டுக்காரர் மேல் பழியைப் போடாமல், பசை டப்பாவைக் கிடங்கில் பூட்டாமல் விட்டது தன் தவறு என்றாள். முதலாளியம்மா அந்தத் தலையில் வேர் விட்ட தண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ரசித்தார். தான் படித்த காலத்தில் இதைப் பரிசோதனையாக இரண்டு செடியில் செய்தார்களாம். ஒரு முழுப் பசுமைக்குடிலையே செய்து இப்போதுதான் பார்க்கிறாராம். செவ்வந்தி நீண்ட இரவு வந்தால்தான் பூக்கும். அதனால் கறுப்புத் துணி போர்த்தி இரவை நீட்டுகிற வேலையைத் தள்ளிப்போடலாம், அதற்குள் கிளைத்தால் சரி என்று அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் வீடு திரும்பினேன். பெரியக்கா வரவில்லை, அதோடு காலைப் போனும் வரவில்லை. சின்னக்கா ஒரு பாட்டம் அழுதாள். அக்கா கோபித்துக்கொண்டாள் என்று அப்பா தீர்மானித்தார். கோபம் இல்லை, ஆக்சின் என்று நான் விளக்கிப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்கள். முதல் சில நாள் உருளைக்கிழங்கும் இல்லை, முட்டையும் இல்லை, வெறும் ரொட்டி. பிறகு பசி யாரைத்தான் விட்டது? நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். பிடுங்க ஆள் இல்லாததால் அது கையிலேயே இருந்தது. சமைக்கிறவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அடுப்படி அலமாரியை இடம் மாற்றினேன். அப்பா ஒருநாள் தானாகவே பல்பு மாட்டினார். அந்தத் தைரியத்தில் பழைய சினேகிதர் ஒருவரின் வேனை இரவல் வாங்கிவந்து, ஏறி உட்கார் என்று சின்னக்காவிடம் சொன்னார். எங்கள் அப்பாவுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சின்னக்கா எங்கள் தெருவை ஒரு தூணும் சேதமாகாமல் சுற்றி வந்த அன்று, அவர் ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

அங்கே என்ன நடந்தது என்று எனக்குக் கட்டுக்காரர் பிறகு சொன்னார். பெரியக்கா தினமும் காலையில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாளியின் மேல் உட்காருவாளாம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். அப்புறம் போனைக் கிடங்கு அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்து, சாயங்காலம் வரைக்கும் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுச் செடிகளிடம் போவாளாம். ஒருநாள் கேட்டாளாம். அவர் கொடுக்கவில்லையாம்.

செடிகள் கிளைத்தன. நிற்கக்கூட இடம் இல்லாமல் கிளைத்தன. முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டு இடத்தின் சாவியைப் பெரியக்கா கையில் கொடுத்தார்.

அதற்கு அப்புறம்தான் அவள் விடுமுறைக்கு வந்தாள். பஸ் நிலையத்தில் இறங்கியவள் கையில் ஒரு மஞ்சள் செவ்வந்தித் தொட்டியோடு வேனில் ஏறினாள். ஓட்டுகிற இடத்தில் சின்னக்காவைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். முதல் திருப்பத்தில் திறந்தாள், மூடினாள். அந்தப் பச்சை நகம் இருக்கையின் உறையைக் கிள்ளிக் கிள்ளி ஓட்டை போட்டதைத் தவிர வேறு விபத்து எதுவும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

வந்ததும் வழக்கம்போல நேராக அடுப்படிக்குப் போனாள். எல்லோருக்கும் டீ போடுகிறேன் என்று பாலை வைத்தாள். சர்க்கரை டப்பாவுக்காகத் திரும்பிப் பார்க்காமலே கையை மேலே நீட்டினாள். கை வெறும் பலகையைத் தடவியது. இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். பிறகு கையைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றாள்.

"சர்க்கரை எங்கடா இருக்கு?"

அந்த வீட்டில் ஒரு பொருள் எங்கே என்று அவள் யாரையும் கேட்டதில்லை. நாங்கள்தான் கேட்போம், அவள்தான் சொல்வாள். எனக்கு அலமாரியை எல்லாம் பழையபடி திருப்பி வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கீழ்த்தட்டைக் காட்டினேன். அவள் குனிந்து அந்த டப்பாவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"சரி, நீயே போடு" என்று சொல்லிவிட்டு, போய் மேஜையில் உட்கார்ந்தாள். நாங்கள் நிற்கும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலை நீட்டிக்கொண்டாள். அப்பா வேனைப் பற்றிச் சொன்னதற்குத் தலையாட்டினாள். சின்னக்கா அடுத்து எங்கே போகலாம் என்று திட்டம் போட்டதையும் கிள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீயை வைத்தேன். சர்க்கரை அதிகம் என்று எனக்கே தெரிந்தது. பெரியக்கா கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு கோப்பையை என் பக்கம் நகர்த்தி, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாள்.